நைந்த நுரையீரலும் குருத்தணு மருத்துவமும்

கொரோனா தொற்றிய பலருக்கு முதல் வாரம் காய்ச்சலும் இருமலும் உடல்வலியுமாகக் கழிந்தது. மூச்சுத் திணறல் தொடங்கியது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான். ஆனால் அந்த இரண்டாம் வாரத்தில் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகளில் வைரஸின் அளவு ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. வைரஸ் குறையும் வேளையில் நுரையீரல் ஏன் சீர்கெடுகிறது?

இதற்கான தெளிவான விடை 2020 ஜூனில் பிரிட்டனில் கிடைத்தது. ரெக்கவரி என்ற பெரிய ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்தைச் சோதித்தது. அந்த மருந்து வைரஸைத் தொடாது. உடலின் நோயெதிர்ப்பு வேகத்தைத்தான் தணிக்கும். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 41.4 சதவீதம் பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். டெக்சாமெத்தசோன் பெற்றோரில் அது 29.3 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நிலையில் இருந்தவர்களுக்கோ அதனால் நன்மை ஏதும் தெரியவில்லை. நோய் முற்றிய நிலையில் நுரையீரலை அழிப்பதில் உடலின் சொந்தப் படைக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை இந்த வேறுபாடு காட்டியது. ஸ்டெம் செல்கள் எனப்படும் குருத்தணுக்களைக் கொண்டு நுரையீரலை மீட்க முடியுமா என்ற கேள்வி பொருள்பெறுவது இந்த இடத்தில்தான்.

நுரையீரலின் உள்ளே காற்றுக்குழல்கள் கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் நுண்ணறைகள் எனப்படும் சின்னஞ்சிறு பைகளில் முடிகின்றன. ஒரு மனிதருக்கு இவை 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். ஒவ்வொரு நுண்ணறையையும் தந்துகிகள் எனப்படும் மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோல் சூழ்ந்திருக்கின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையே உள்ள சுவரின் தடிமன், மெல்லிய இடங்களில், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் கணப்பொழுதில் கடந்து போகிறது. எளிதில் கிழிவதற்கும் அதுவே காரணம்.

இந்தச் சுவரில் இரண்டு வகைச் செல்கள் இருக்கின்றன. முதல் வகை, அப்பளம்போல் தட்டையாக விரிந்து, பரப்பில் ஏறத்தாழ 95 சதவீதத்தை மூடுகிறது. இரண்டாம் வகை சிறியது, கனசதுரம் போன்றது. மூன்று முக்கிய வேலைகள் அதற்கு. நனைந்த பிளாஸ்டிக் பையின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஈரமான நுண்ணறையும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கச் சோப்புப் போன்ற ஒரு வழவழப்பான பொருளை இரண்டாம் வகைச் செல்கள் சுரக்கின்றன. இதற்கு சர்ஃபக்டன்ட் என்று பெயர். அடுத்தது நீரிறைப்பு. நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் உள்ளிருக்கும் நீர் உப்பைத் தேடி வெளியே வரும். அதேபோல் இந்தச் செல்கள் நுண்ணறையிலிருந்து உப்பை வெளிப்புறம் தள்ளுகின்றன, நீர் அதன் பின்னே போய்விடுகிறது, நுண்ணறை உலர்கிறது. மூன்றாவது வேலை, முதல் வகைச் செல்கள் இறந்தால் தானே பெருகி அவற்றின் இடத்தை நிரப்புவது.

கொரோனா வைரஸ் நுழைவதற்குப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம், நுண்ணறையில் முக்கியமாக இந்த இரண்டாம் வகைச் செல்களின் மேல்தான் இருக்கிறது. சோப்புச் சுரப்பு, நீரிறைப்பு, பழுதுபார்ப்பு என மூன்று பொறுப்புகளும் ஒரே அடியில் ஆட்டங்காண்பதற்கு இதுவே காரணம். சிதைந்த செல்கள் அபாய அறிவிப்புகளை வெளியிடுகின்றன. பெருவிழுங்கணுக்கள் என்னும் காவல் செல்கள் அவற்றை உணர்ந்து, சைட்டோகைன்கள் எனப்படும் செய்தி மூலக்கூறுகளை அள்ளி வீசுகின்றன. அழைப்பைக் கேட்டு நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, கிருமியைக் கொல்லும் நச்சுப் பொருள்களைக் கொட்டுகின்றன. அவை கிருமி எது, நுரையீரல் எது என்று பார்ப்பதில்லை. தந்துகிகள் கசிகின்றன, புரதம் நிறைந்த நீர் நுண்ணறைக்குள் நிரம்புகிறது. நோயாளி கரையில் படுத்தபடியே நீரில் மூழ்குகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த நிலை கொரோனாவோடு பிறந்ததன்று. அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 1967இல் 12 நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். ஒருவருக்கு விபத்துக் காயம், இன்னொருவருக்கு வைரஸ் தொற்று, வேறொருவருக்குக் கணைய அழற்சி என்று தொடக்கம் வெவ்வேறு. முடிவு மட்டும் ஒன்றே. மருத்துவ உலகம் இதைச் சுருக்கமாக ஏஆர்டிஎஸ் என்கிறது. கடும் மூச்சுத்திணறல் நோய்த்தொகுதி எனத் தமிழில் சொல்லலாம். 2003இல் சார்ஸும், 2012இல் அறியப்பட்ட மெர்ஸும், பிறகு கோவிட்டும் பலரைக் கொன்றது இந்த வழியில்தான்.

கோவிட்டுக்கு முன்வரை இதற்கென்று உறுதியாகப் பலன் தந்த மருந்து எதுவும் கையில் இல்லை. உயிர்களைக் காத்தவை எல்லாம் மூச்சுக்குத் துணைநிற்கும் முறைகளே. வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றின் அளவை உடல் எடைக்கணக்கில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6ஆகக் குறைத்தால் இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்று 2000இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைப்பது பலன் தரும் என்று 2013இல் பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமையிலான ஆய்வு நிறுவியது. முறிந்த எலும்புக்குக் கட்டும் சிம்பு எலும்பை ஒட்டவைப்பதில்லை. ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. வென்டிலேட்டரின் வேலையும் அவ்வளவே. கிழிந்த சுவரைத் தைப்பதற்கு ஏதாவது வேண்டும் என்ற ஏக்கம் தீவிர சிகிச்சை மருத்துவர்களுக்கு நெடுங்காலமாக இருந்தது.

வாழையின் நடுவே சுருண்டு நிற்கும் குருத்திலிருந்துதான் இலைகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. உடலிலும் அப்படிச் சில செல்கள் உண்டு. தம்மைப் போன்ற செல்களையும் படைக்கும், வேறு தொழில் பார்க்கும் செல்களாகவும் மாறும். அவற்றுக்குக் குருத்தணு என்ற பெயர் பொருத்தமானது; ஸ்டெம் செல் என்று எல்லோரும் சொல்வதும் இதையே. 1960களின் தொடக்கத்தில் டொரான்டோவில் டில், மெக்கல்லக் என்ற இரு ஆய்வாளர்கள் எலும்பு மஜ்ஜையில் இரத்தக் குருத்தணுக்கள் இருப்பதற்குச் சான்று காட்டினர். அதே காலகட்டத்தில் சோவியத் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃபிரீடென்ஸ்டைன் அந்த மஜ்ஜையிலேயே வேறொரு வகையைக் கவனித்தார். கண்ணாடித் தட்டிலும் பிளாஸ்டிக் தட்டிலும் ஒட்டிக்கொண்டு, நூற்கதிர் வடிவில் வளர்ந்த செல்கள் அவை. எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் கொழுப்பாகவும் மாறக்கூடியவை. அமெரிக்க ஆய்வாளர் ஆர்னால்ட் கேப்லன் 1991இல் இவற்றுக்கு மீசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயரிட்டார். மீசன்கைம் என்பது கருவில் மற்ற உறுப்புகளுக்கு இடையே காணப்படும் தளர்ந்த திசு. அதனால் இவற்றை இடைத்திசுக் குருத்தணு எனலாம். மஜ்ஜையில் மட்டுமன்றி, கொழுப்பிலும் பிரசவத்தின்போது வீசப்படும் தொப்புள்கொடியிலும் இவை கிடைக்கின்றன.

இவற்றை மருந்தாக்குவதில் ஒரு வசதி உண்டு. வேற்றாள் உறுப்பைக் கண்டறிய உடல் பார்க்கும் அடையாளப் புரதங்கள் இவற்றின் மேல் குறைவு. ஆகவே முன்பின் அறியாத ஒருவரின் செல்களைப் பொருத்தம் பார்க்காமலே ஆய்வகத்தில் பெருக்கி, உறைநிலையில் சேமித்து, தேவைப்படும்போது சிரை எனப்படும் இரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகச் செலுத்தலாம். மூச்சுக்குப் போராடும் நோயாளிக்கு அவருடைய மஜ்ஜையையே எடுத்து வாரக்கணக்கில் வளர்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

செலுத்தப்பட்ட செல்கள் எங்கே போகின்றன? சிரையில் ஏற்றும் எதுவும் இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து முதலில் நுரையீரலுக்கே போகும். அங்குள்ள தந்துகிகளின் விட்டம் 10 மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வளர்க்கப்பட்ட இடைத்திசுச் செல்களோ 15 முதல் 30 மைக்ரான் வரை பெரியவை. தேநீர் வடிகட்டியில் தேயிலை நிற்பதுபோல் பெரும்பாலானவை நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கின்றன. மற்ற உறுப்புகளுக்கு மருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு இது தடை. நுரையீரலுக்கு மருந்து தேடுபவர்களுக்கு வாய்ப்பு.

வந்து சேர்ந்த குருத்தணுக்கள் நுரையீரல் செல்களாக மாறிக் கிழிசலை அடைக்கும் என்பதே தொடக்ககால எதிர்பார்ப்பு. இன்றும் பொதுமக்கள் மனத்தில் உள்ள சித்திரம் அதுதான். அது சரியன்று. ஒளிரும் அடையாளம் இட்ட செல்களை எலிகளுக்குச் செலுத்திப் பின்தொடர்ந்தபோது, ஓரிரு நாட்களிலேயே அவற்றில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. நுண்ணறைச் சுவரில் நிலைத்துக் குடியேறியவை மிக மிகச் சில. ஆனாலும் அந்த எலிகள் தேறின. கலிஃபோர்னியாவில் மைக்கேல் மேத்தேயின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரிய நச்சால் நுரையீரல் கெட்ட எலிகளுக்கு இச்செல்களைச் செலுத்தியபோது கூடுதலான எலிகள் பிழைத்தன. தங்காத செல் எப்படிக் குணப்படுத்தும்?

இதை அவிழ்த்த சோதனைகளில் மிக நேர்த்தியானது அதே குழு 2009இல் செய்தது. உறுப்புமாற்றுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட மனித நுரையீரல்களை அவர்கள் பெற்றனர். உடலுக்கு வெளியே அவற்றில் திரவத்தை ஓடவிட்டு, காற்றூட்டி, உயிர்ப்போடு வைத்தனர். பாக்டீரிய நச்சைச் செலுத்தினர்; நுண்ணறைகளில் நீர் தேங்கியது. குருத்தணுக்களைக் கொடுத்தபோது நீர் வடியத் தொடங்கியது. அடுத்து, செல்களை விட்டுவிட்டு, அவை வளர்ந்த ஊடகத் திரவத்தை மட்டும் கொடுத்தனர். அப்போதும் நீர் வடிந்தது. அப்படியானால் வேலை செய்வது செல் சுரக்கும் ஏதோ ஒன்று. கேஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிமேல் ஐயம் விழுந்தது. அதைச் சுரக்கவிடாமல் செய்த செல்களைக் கொடுத்தபோது பலனில் பெரும்பகுதி காணாமற்போனது. அந்தக் காரணியைத் தனியே சேர்த்தபோது பலன் திரும்பியது. ஒன்றை நீக்கினால் பலன் போக வேண்டும், திருப்பிக் கொடுத்தால் பலன் வர வேண்டும். உயிரியலில் ஒரு காரணத்தை நிறுவும் முறை இது.

ஆக, இடைத்திசுச் செல்கள் செங்கற்களாக வந்து சுவரில் அமர்வதில்லை. வேலை வாங்கிவிட்டுப் போகும் மேஸ்திரியைப் போன்றவை. அவை வெளியிடும் பொருள்கள் பல. பெருவிழுங்கணுக்களை அழிக்கும் மனநிலையிலிருந்து ஆற்றும் மனநிலைக்குத் திருப்புபவை சில, தந்துகிகளின் கசிவை இறுக்குபவை சில, பாக்டீரியாவைக் கொல்பவையும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் இன்னும் வியப்பான ஒன்றை வெளியிட்டனர். எலியின் நுரையீரலை நேரடியாக நுண்ணோக்கியில் பார்த்தபோது, வந்த செல்கள் நுண்ணறைச் செல்களை ஒட்டி நின்று, தம்மிடமுள்ள மைட்டோகாண்ட்ரியாக்களை அவற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தன. செல்லுக்கு ஆற்றல் ஆக்கித் தரும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. அடுப்பு அணைந்த வீட்டுக்கு அண்டை வீட்டார் தணல் எடுத்துக் கொடுப்பது போன்ற உதவி இது. இறப்பிலும் இச்செல்கள் பயன்படுகின்றன. சிதைந்த குருத்தணுவை விழுங்கும் வெள்ளணுக்கள் அதன்பின் அமைதியடைந்து, அழற்சியைத் தணிக்கும் வகையாக மாறுகின்றன. செலுத்திய செல்கள் மறைந்த பிறகும் பலன் நீடிப்பதற்கு இது ஒரு விளக்கம்.

பெயரிட்ட கேப்லனே 2017இல் அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்று எழுதினார். இவை உறுப்பை வளர்ப்பவை அல்ல, மருந்துச் சமிக்ஞை தருபவை. குருத்தணு என்ற சொல் மக்களைத் தவறான நம்பிக்கைக்கு இட்டுச்செல்கிறது என்பது அவர் வாதம். ஒரு துறையை உருவாக்கியவர் தாம் இட்ட பெயரைத் தாமே திரும்பப் பெற முன்வந்தது மதிக்கத்தக்க நேர்மை.

எலியிலிருந்து மனிதருக்கு வரும் படிகளும் முறையாகவே ஏறப்பட்டன. மேத்தேயின் குழு 2015இல் 9 நோயாளிகளுக்குக் கிலோவுக்கு 10 லட்சம் செல்களில் தொடங்கி 1 கோடி வரை கொடுத்து, செலுத்துவதால் தீங்கு தோன்றவில்லை என்று அறிவித்தது. 2019இல் 60 பேரைக் கொண்ட அடுத்த கட்டத்தின் முடிவு வந்தது. தீங்கில்லை என்பது உறுதியானது, ஆனால் இறப்பு குறையவில்லை. அதில் ஒரு முக்கியமான குறிப்பும் இருந்தது. உறைநிலையிலிருந்து எடுத்துத் தயாரித்த செல்களில் உயிரோடு இருந்தவை, தயாரிப்புக்குத் தயாரிப்பு 36 சதவீதம் முதல் 85 சதவீதம் வரை மாறுபட்டன. ஒரே மருந்து என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் ஒரே மருந்தாக இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் கோவிட் வந்தது. 2020 தொடக்கத்தில் பெய்ஜிங் மருத்துவமனை ஒன்று 7 நோயாளிகளுக்கு இச்செல்களைக் கொடுத்ததாகவும், சில நாட்களில் அவர்கள் தேறியதாகவும் செய்தி பரவியது. ஏப்ரலில் நியூயார்க்கில் வென்டிலேட்டரில் இருந்த 12 பேருக்கு ஆஸ்திரேலிய நிறுவனமான மீசோபிளாஸ்ட்டின் செல்கள் தரப்பட்டன; 10 பேர் பிழைத்தனர். வென்டிலேட்டருக்குப் போனவர்கள் பெருமளவில் இறந்துகொண்டிருந்த நாட்கள் அவை. நம்பிக்கை பொங்கியதில் வியப்பில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ என்பதால் சோற்றுக்கு அது பொருந்தும். நோயாளிகள் ஒரே உலையில் வெந்தவர்கள் அல்லர். வயது, உடன் இருக்கும் நோய்கள், மருத்துவமனைக்கு வந்த நாள் எல்லாம் வேறு வேறு. 12 பேரில் 10 பேர் பிழைத்தார்கள் என்றால், செல்லால் பிழைத்தார்களா, அது இல்லாமலும் பிழைத்திருப்பார்களா என்று அந்த 12 பேரைக் கொண்டு சொல்ல முடியாது. அதற்கு ஒப்பிட இன்னொரு குழு வேண்டும். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் தற்செயலே தீர்மானிக்க வேண்டும். மருத்துவர் தீர்மானித்தால், தேறக்கூடியவர் என்று தோன்றுபவரையே அறியாமல் தேர்ந்துவிடுவார். ஒப்பீட்டுக் குழுவுக்கு மருந்தைப் போலவே தோன்றும் வெற்றுத் திரவம் தர வேண்டும். இதற்குச் சமவாய்ப்பு ஆய்வு என்று பெயர்.

அத்தகைய ஆய்வுகளும் நடந்தன. மயாமி பல்கலைக்கழகத்தில் 24 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தொப்புள்கொடிச் செல்களை 10 கோடி வீதம் இருமுறை கொடுத்தனர். 28 நாட்களில் செல் பெற்ற 12 பேரில் 2 பேரும், பெறாத 12 பேரில் 7 பேரும் இறந்தனர். இந்தோனேசியாவில் 40 பேரிடம் நடந்த ஆய்வில், செல் பெற்ற 20 பேரில் 10 பேரும், பெறாத 20 பேரில் 4 பேரும் பிழைத்தனர். இரண்டும் கவர்ச்சியான எண்கள். ஆனால் நாணயத்தைப் 10 முறை சுண்டினால் 7 முறை தலை விழுவது அரிதன்று. 1,000 முறை சுண்டி 700 தலை விழுந்தால்தான் நாணயத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள். எண்ணிக்கை பெருகும்போதுதான் தற்செயலின் கை குறுகும்.

எண்ணிக்கையைப் பெருக்கிய ஆய்வு மீசோபிளாஸ்ட்டுடையது. 300 பேரைச் சேர்ப்பது திட்டம். 222 பேர் சேர்ந்த நிலையில், 2020 டிசம்பரில், தரவுகளைக் கண்காணித்த தனிக்குழு, இறப்பைக் குறைக்கும் இலக்கை எட்ட வாய்ப்பில்லை என்று சொன்னதால் சேர்க்கை நிறுத்தப்பட்டது. 30 நாள் இறப்பு, செல் பெற்றவர்களில் 37.5 சதவீதம், பெறாதவர்களில் 42.7 சதவீதம். இந்த அளவு இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. பிரான்சில் 45 பேரிடமும், பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்களின் தலைமையில் பிரிட்டனில் சுமார் 60 பேரிடமும் நடந்த ஆய்வுகளில் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் வேகம் மேம்படவில்லை. வூஹானில் சுமார் 100 பேரிடம் நடந்த ஆய்வில் மட்டும், ஸ்கேன் படத்தில் தெரிந்த நுரையீரல் திட்டுகள் செல் பெற்றவர்களிடம் ஓரளவு விரைவாகச் சுருங்கின. எல்லா ஆய்வுகளிலும் பொதுவாக உறுதிப்பட்டது ஒன்று: செல்களைச் செலுத்துவதே பெரிய ஆபத்தாக முடியவில்லை.

ஆய்வகத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பலன் படுக்கையருகில் ஏன் மங்கியது? காரணங்கள் பலவாக இருக்கலாம். எலி இளமையானது, வேறு நோயற்றது. காயம் பட்ட சில மணி நேரத்தில் செல் பெறுகிறது. மனித நோயாளி முதியவர், நீரிழிவு உள்ளவர். நுரையீரல் கெட்டுப் பல நாட்கள் கழித்தே செல் கிடைக்கிறது. செல்களும் கொடையாளிக்குக் கொடையாளி வேறுபடுகின்றன. உறைந்து உருகியவை புதியவைபோல் சுரப்பதில்லை. ஏஆர்டிஎஸ் என்பதே ஒரு நோயன்று. ஒரே பெயருக்குள் அழற்சி கொதிக்கும் வகை, அழற்சி தணிந்த வகை என்று குறைந்தது இரண்டு வகைகள் இருப்பதாக 2014 முதல் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. தீயில்லாத இடத்தில் நீர் தெளித்தால் பலனைக் காண முடியாது. மேலும், டெக்சாமெத்தசோன் வழக்கமான சிகிச்சை ஆனபின், இரு குழுவினருக்கும் அழற்சி முன்கூட்டியே ஓரளவு அடங்கியிருந்தது. செல்கள் கூடுதலாகச் செய்துகாட்ட இடம் சுருங்கியது. இவற்றுள் செல்களின் தரமே முதலில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் என்று தோன்றுகிறது. வீரியம் தெரியாத மருந்தை வைத்துக்கொண்டு மற்ற கேள்விகளுக்கு விடை தேட முடியாது.

செல்லை விட்டு, அது வெளியிடும் எக்சோசோம் போன்ற நுண்குமிழிகளை மட்டும் மருந்தாக்கும் முயற்சி நடக்கிறது. இவை தந்துகியில் அடைபடுவதில்லை, உயிரற்றவை என்பதால் சேமிப்பதும் எளிது. இன்னொரு திசையில், நுரையீரலின் சொந்தக் குருத்தணுக்களான இரண்டாம் வகைச் செல்களையே தூண்டிப் பழுதுபார்க்க வைப்பது எப்படி என்று ஆய்வு நடக்கிறது. மீசோபிளாஸ்ட்டின் அதே செல்கள் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆனால் நுரையீரலுக்கு அல்ல. மஜ்ஜை மாற்றுக்குப்பின், வந்த செல்கள் குழந்தையின் உடலையே தாக்கும் கொடிய நிலைக்கு, ஸ்டீராய்டு பலிக்காதபோது தருவதற்காக.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்று நீங்கலாக, குருத்தணு சிகிச்சைகள் ஆராய்ச்சி நிலையில் உள்ளவையே. ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் அன்றி அவற்றைத் தரக் கூடாது, அந்த ஆய்வில் சேரும் நோயாளியிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. பணம் கேட்டு நுரையீரலுக்குக் குருத்தணு செலுத்துவதாகச் சொல்லும் எந்த விளம்பரமும் இந்த விதிக்குப் புறம்பானது. பிள்ளையின் தொப்புள்கொடியைப் பணம் கட்டிச் சேமித்தால் பிற்காலத்தில் அதன் நுரையீரலுக்கு உதவும் என்பதற்கும் மேற்சொன்ன ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அவற்றில் பயன்பட்டவை நோயாளியின் சொந்தச் செல்கள் அல்ல. யாரோ ஒரு தாய் ஆய்வுக்கென்று கொடுத்த கொடியிலிருந்தோ, யாரோ ஒருவர் தந்த மஜ்ஜையிலிருந்தோ எடுத்து, ஆய்வகத்தில் கோடிக்கணக்காகப் பெருக்கியவை.